முத்திரை யார் கையில்?

"தொழில் நடத்துவதைச் சுலபமாக்கு" என்ற கோஷம் சில வருஷங்களாகவே டில்லியில் ஓயாமல் கேட்கிறது. கோஷம் போடுகிறவர்கள் தொழிலாளர்கள் அல்ல, முதலாளிமார் சங்கங்கள். இன்ஸ்பெக்டர் ஆலைக்குள் கால் வைக்கக் கூடாது, சரக்கை எடுத்துச் சென்று சோதிக்கக் கூடாது, "எங்கள் சரக்கு நல்ல சரக்குத்தான் என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், நம்பிக்கொள்ளுங்கள்" என்பதுதான் அவர்கள் கேட்பதன் சாரம். இதற்குச் சுயசான்று என்று பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்ற பழமொழியைச் சட்டமாக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளுக்குத் தொழிலாளர் சட்ட விஷயத்திலேயே சுயசான்று போதும் என்று 2016-ல் மத்திய சர்க்கார் சலுகை வழங்கியது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலோ, இன்ஸ்பெக்டர் என்ற உத்தியோகப் பெயருக்கே 'வசதி செய்து தருபவர்' என்று ஒரு வாலை ஒட்டிவிட்டார்கள். யாருக்கு வசதி என்று கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சுயசான்று மின்சாரச் சாமான்கள் விஷயத்தில் என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். மின்சாரச் சாமான் இன்று பங்களாவாசிகளின் சொத்து அல்ல. குடிசைக்கு ஒற்றை பல்பு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டு சர்க்காரே மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று விலையில்லாமல் வீடு வீடாகக் கொடுத்தது. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுச் சுவரில் செல்போன் சார்ஜர் தொங்குகிறது. மில் தொழிலாளி வீட்டு வாளியில் ஹீட்டர் ராடு கிடக்கிறது. வயலில் மோட்டார் ஸ்டார்ட்டரை அழுத்துவது நிலச்சொந்தக்காரர் கை அல்ல, ஈரம் காயாத கூலியாள் கை. மின்சாரம் தாக்கி 2021-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 12,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்று மத்திய சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் கொடுத்தது. அத்தனை சாவும் மட்டச் சாமானால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. அறுந்து விழுந்த கம்பியும் உண்டு, வேலியில் பாய்ச்சிய கரண்டும் உண்டு. ஆனால் எந்தச் சாவிலும் முதலில் கிளம்புவது "ஈரக் கையால் தொட்டான்", "கவனமில்லாமல் இருந்தாள்" என்ற பேச்சுத்தான். தொட்டால் கொல்லும் பெட்டியைச் செய்து விற்றவன் யார் என்ற கேள்வி கடைசிவரை எழுவதில்லை.

சுயசான்றுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஐரோப்பாவைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். "அங்கே பாருங்கள், எல்லாம் நம்பிக்கையில் நடக்கிறது" என்கிறார்கள். சரி, சாட்சியை விசாரிப்போம்.

வீட்டு மின்சாரச் சாமானை விற்க ஐரோப்பிய யூனியனில் சர்க்கார் சோதனை தேவையில்லை. உற்பத்தியாளரே தம் சரக்கைச் சோதித்துக்கொண்டு, தஸ்தாவேஜுகளைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, 'சி.இ.' என்ற இரண்டு எழுத்தைத் தாமே பொறித்துக்கொள்ளலாம். வெளியார் யாரும் முன்கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சாமான் கடைக்கு வந்து, வீட்டுக்குப் போய், ஏதாவது நேர்ந்தபின் தான் கேள்வி. பிரிட்டனும் யூனியனில் இருந்தவரை இதே ஏற்பாட்டில்தான் இருந்தது. அங்கே கேள்வி கேட்க வேண்டியவர்கள் நகரசபைகளைச் சேர்ந்த வர்த்தகத் தர அதிகாரிகள். சிக்கனம் என்ற பெயரில் 2009-க்கும் 2016-க்கும் இடையே இந்த அதிகாரிகளின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே வெட்டினார்கள். முன்னால் சோதனை இல்லை, பின்னால் கேட்க ஆள் இல்லை.

பிரிட்டனில் வெயில் அரிது. ஆகவே துணி உலர்த்த வீட்டுக்குள்ளேயே மெஷின் வைத்திருக்கிறார்கள். ஈரத் துணியை ஒரு டிரம்முக்குள் போட்டுச் சுழற்றி, சூடான காற்றை அதன் வழியே செலுத்தும் மெஷின் இது. ஹாட்பாயின்ட், இன்டெசிட், கிரீடா முதலிய பெயர்களில் 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை தயாரான சில ரகங்களில் ஒரு கோளாறு இருந்தது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசு டிரம்மின் பின்பக்க இடைவெளி வழியே கசிந்து, சூடேற்றும் கம்பிச் சுருளின்மேல் போய் விழுந்தது. பஞ்சாலைத் தோழர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. புளோ ரூமில் பறக்கும் பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். மெஷினை வடிவமைத்த என்ஜினீயர்களுக்கு மட்டும் தெரியாமல் போயிற்றாம்! பதினோரு வருஷத்தில் 750-க்குக் குறையாத தீவிபத்துகள். இப்படிப்பட்ட மெஷின்கள் 53 லட்சம் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் புகுந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் முத்திரை இருந்தது. உற்பத்தியாளரே குத்திக்கொண்ட முத்திரை.

இன்டெசிட் கம்பெனியை 2014-ல் அமெரிக்காவின் வேர்ல்பூல் விழுங்கியது. 2015 நவம்பரில் கம்பெனி கோளாறை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு என்ன செய்தது? மெஷின்களைத் திரும்ப வாங்கிக்கொண்டதா? இல்லை. மெக்கானிக்கை அனுப்பி வீட்டிலேயே சரிசெய்து தருகிறோம், வரிசையில் காத்திருங்கள் என்றது. பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதுவரை மெஷினை ஓட்டலாமா? தாராளமாக ஓட்டலாம், ஆனால் ஓடும்போது வீட்டை விட்டுப் போகாதீர்கள், தூங்காதீர்கள் என்று கம்பெனி யோசனை சொன்னது. பஞ்சில் நெருப்பு விழும் மெஷினுக்கு வீட்டுக்காரியைக் காவல் வைத்தார்கள்! சம்பளமில்லாத காவல்.

2016 ஆகஸ்ட் 19 அன்று லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலுள்ள 18 மாடிக் குடியிருப்பில் இந்த யோசனையின் பலன் தெரிந்தது. ஏழாவது மாடி வீடு ஒன்றில் இந்த ரக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஆள் இருந்தார்கள். மெக்கானிக்குக்காகக் காத்திருந்த குடும்பம் அது. மெஷின் தீப்பற்றி மேல் மாடிகளுக்கும் ஏறியது. 20 தீயணைப்பு வண்டிகளும் 120 வீரர்களும் வந்துதான் அணைத்தார்கள். இந்த மெஷின்களை யாரும் ஓட்டக்கூடாது என்று லண்டன் தீயணைப்புப் படையே பகிரங்கமாகச் சொன்னது. கம்பெனி அப்போதும் தன் யோசனையை மாற்றவில்லை.

தடுக்க வேண்டிய அதிகாரி எங்கே போனார்? இங்கேதான் கதையின் முக்கியமான பகுதி இருக்கிறது. கம்பெனியின் பிரிட்டிஷ் தலைமை அலுவலகம் பீட்டர்பரோ என்ற ஊரில் இருந்தது. ஆகவே அந்தப் பகாசுரக் கம்பெனியைக் கண்காணிக்கும் பொறுப்பு பீட்டர்பரோ நகரசபையின் வர்த்தகத் தர இலாகா தலையில் விழுந்தது. அது மட்டுமா? ஒரு கம்பெனிக்கு ஆலோசனை சொல்லும் செலவை அந்தக் கம்பெனியிடமே நகரசபை வசூலித்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டுச் சட்ட ஏற்பாடு. கணக்குப்பிள்ளையைத் தணிக்கை செய்யவேண்டியவருக்குக் கணக்குப்பிள்ளையே படி அளப்பதைப் போன்றது இது. கம்பெனியின் யோசனை போதுமானது என்று இலாகா தலையாட்டிக்கொண்டிருந்தது. 2016 டிசம்பரில் 'விச்' என்ற நுகர்வோர் ஸ்தாபனம் நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பின் 2017 ஜனவரியில்தான் இலாகா நோட்டீஸ் கொடுத்தது. "பிளக்கைப் பிடுங்குங்கள், ஓட்டாதீர்கள்" என்ற வார்த்தை 2017 பிப்ரவரியில் கம்பெனி வாயிலிருந்து வந்தது. மெஷின்களைத் திரும்பப் பெற்றே தீரவேண்டும் என்று சர்க்கார் நெருக்கியது 2019 ஜூனில். அந்தத் தேதியில் சரிசெய்யப்படாத மெஷின்கள் ஐந்து லட்சம் வரை வீடுகளில் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கோளாறு ஒப்புக்கொள்ளப்பட்டு மூன்றரை வருஷம் கழித்து!

இதற்கும் முன்னால் 2014 அக்டோபரில் வேல்ஸ் பிரதேசத்தில் லான்ரூஸ்ட் என்ற சிற்றூரில் உலர்த்தும் மெஷின் வைத்திருந்த வீடு எரிந்து இரண்டு ஆண்கள் இறந்தார்கள். அது வேறு கோளாறு. மெஷினின் கதவு சுவிட்ச்சில் ஏற்பட்ட மின்கோளாறே பெரும்பாலும் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2017-ல் முடிவு சொன்னார். 2017 ஜூன் 14 இரவில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் மாண்டதை உலகமே அறியும். நாலாவது மாடியில் ஒரு ஹாட்பாயின்ட் குளிர்பெட்டியில் ஏற்பட்ட மின்கோளாறில் தீ தொடங்கியது என்று விசாரணைக் கமிஷன் 2019 அக்டோபரில் கூறியது. கம்பெனி இதை மறுத்தது. அத்தனை பேரைக் கொன்றது குளிர்பெட்டி மட்டும் அல்ல. கட்டிடத்துக்கு வெளியே போர்த்தியிருந்த எரியும் பலகைகளே தீயைச் சில நிமிஷங்களில் உச்சிக்குக் கொண்டுபோயின. அந்தப் பலகைகளையும் அடைப்புகளையும் தயாரித்தவர்கள் தீச்சோதனைகளிலேயே தில்லுமுல்லு செய்து வாங்குவோரை ஏமாற்றினார்கள் என்று 2024 செப்டம்பரில் வெளியான இறுதி அறிக்கை அம்பலப்படுத்தியது. மாண்டவர்களில் பெரும்பாலோர் யார்? நகரசபை வீடுகளில் குடியிருந்த சாமானியர்கள்.

ஐரோப்பிய சாட்சியம் இவ்வளவு. முதலாளிகள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்பது முதலாளிகளுக்குத் தெரியாததும் அல்ல. சொந்தப் பணம் போகும் இடத்தில் அவர்கள் சுயசான்றை ஒருநாளும் நம்பியதில்லை. அமெரிக்காவில் 1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் எரிந்தபோது, தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வயிறும் எரிந்தது. கட்டிடம் எரிந்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே! வில்லியம் மெரில் என்ற என்ஜினீயரை அங்கே அனுப்பிக் கம்பிகளைச் சோதிக்கச் செய்தார்கள். அடுத்த வருஷமே, 1894-ல், அவர்கள் பணத்தில் ஒரு சோதனைக்கூடம் பிறந்தது. அதுதான் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ். நஷ்டம் இன்னொரு முதலாளியின் தலையில் விழுந்தபோது ஒரே வருஷத்தில் சோதனைக்கூடம் எழுந்தது. நஷ்டம் வாடகை வீட்டுக்காரர் தலையில் விழுந்தபோது மூன்றரை வருஷம் கடிதப் போக்குவரத்து நடந்தது. (அந்தச் சோதனைக்கூடத்தின் வியாபாரக் கிளை 2024 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கு விற்க வந்தது என்பதையும் இங்கே சொல்லி வைப்போம். சோதிப்பதும் லாபத் தொழிலாகிவிட்டது.)

நம் நாட்டு நிலைமை என்ன? ஐ.எஸ்.ஐ. முத்திரை நமக்குத் தெரிந்ததுதான். 1947-ல் தொடங்கிய இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ் இன்ஸ்டிட்யூஷன், 1952-ல் வந்த சட்டத்தின்படி இந்த முத்திரையை வழங்க ஆரம்பித்தது. 1987 முதல் அந்தப் பொறுப்பு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கையில் இருக்கிறது. இந்த முத்திரையை உற்பத்தியாளர் தம் இஷ்டத்துக்குக் குத்திக்கொள்ள முடியாது. அமைவனத்தின் ஆள் தொழிற்சாலைக்குப் போகிறார், சோதனைக் கருவிகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார், சரக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார், பிறகுதான் லைசென்ஸ். அதற்குப் பிறகும் கடையிலிருந்து மாதிரி எடுக்கலாம். ஒயர், சுவிட்ச், இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு, ஹீட்டர் ராடு முதலியவற்றை இந்த முத்திரை இல்லாமல் செய்யவோ விற்கவோ கூடாது என்று 2003-ம் ஆண்டு ஆணை கட்டாயப்படுத்தியது. குறைபாடுகள் இதிலும் உண்டு. தலைக்கு மேல் சுழலும் சீலிங் ஃபேனுக்கு முத்திரை கட்டாயமானது 2024-ல்தான் என்றால் சர்க்காரின் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர் இல்லையா என்று கேட்பார்கள். இருப்பார். லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டரைச் சிறைக்கு அனுப்பு என்பது நியாயம். இன்ஸ்பெக்டரே வேண்டாம் என்பது லஞ்சம் கொடுத்தவனுடைய நியாயம்.

சுயசான்று நம் வீட்டுக்குள்ளும் ஏற்கெனவே ஒரு காலை வைத்துவிட்டது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2012-ல் மின்னணுச் சாமான்களுக்குத் தனியாக ஓர் ஆணை போட்டார்கள். செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு முதலியவை இப்போது இந்தப் பாதையில்தான் வருகின்றன. இதில் தொழிற்சாலைப் பரிசோதனை கிடையாது. அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்துக்கு உற்பத்தியாளர் ஒரு மாதிரியை அனுப்புவார், அறிக்கை வாங்குவார், "நான் செய்யும் சரக்கெல்லாம் இதே தரம்" என்று உறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்துகொள்வார். அனுப்பும் மாதிரியைப் பொறுக்கி எடுப்பவர் யார்? அவரேதான். நெல் விற்கிறவன் மூட்டையின் மேல்வாயில் நல்ல மணியைப் பரப்பி வைப்பதை அறியாதவர்களா நாம்? ஐரோப்பாவை விட இது ஒரு படி மேல் என்பது உண்மை. ஆனால் இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டர் ராடையும் இந்தப் பாதைக்குத் தள்ளுவதை ஒரு நாளும் அனுமதிக்க முடியாது.

ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பிச் சுருள், அதைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தாத பொடி, வெளியே உலோகக் குழாய். பொடியில் ஈரம் இறங்கினாலோ குழாய் பொத்துவிட்டாலோ வாளித் தண்ணீரில் கரண்ட் பாய்கிறது. அதற்காகத்தான் எர்த் கம்பி. மூன்று பின் பிளக்கில் மேல் பின் மட்டும் தடித்தும் நீண்டும் இருப்பது அழகுக்காக அல்ல. செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. இந்த எர்த் கம்பியை மிச்சம் பிடித்து, இரண்டு பின் பிளக்கை மாட்டி, சந்தையில் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். ஒயரில் செம்பைக் குறைத்தால் கம்பி சூடேறி மேல் உறை உருகும். பெட்டி ஒவ்வொன்றும் தொழிற்சாலையை விட்டுப் போகுமுன், 230 வோல்ட்டில் ஓடவேண்டிய சாமானுக்கு நாலு மடங்கு வோல்ட் ஏற்றி, கரண்ட் வெளியே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு வினாடி வேலை. நாளைக்கு இத்தனை பெட்டி என்று கெடு வைத்து மேஸ்திரி தலைமேல் நின்றால், முதலில் பலியாவது அந்த ஒரு வினாடி.

இது முதலில் யாருக்குத் தெரியும்? இன்ஸ்பெக்டருக்கு அல்ல, சோதனை மேஜையில் நிற்கும் தொழிலாளிக்கு. செம்பு மெலிந்துவிட்டது, பழைய பிளாஸ்டிக்கை உருக்கி உறை போடுகிறார்கள், சோதிக்காமலே சீட்டு ஒட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்முன் நடக்கிறது. ஆனால் காண்ட்ராக்ட் கூலியாக நிற்கிறவர் வாய் திறந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நிற்பார். நிரந்தர வேலையும் சங்க உரிமையும் தொழிலாளியின் சொந்தக் கோரிக்கைகள் என்றே பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெட்டியை வாங்கிப் போகும் விவசாயக் கூலிப் பெண்ணின் உயிரும் அந்தக் கோரிக்கையில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோவையிலும் மற்ற ஊர்களிலும் ஐந்து ஆள், பத்து ஆள் வைத்து மோட்டாரும் கிரைண்டரும் செய்யும் சிறு பட்டறைக்காரர்கள், "சோதனைக் கட்டணம் எங்களை நசுக்குகிறது, பெரிய கம்பெனிகளுக்குத்தான் இது கட்டும்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஏகபோகக் கம்பெனிகள் தர விதியையே ஆயுதமாக்கிச் சிறு பட்டறையை ஒழிக்கப் பார்ப்பதும் நடக்கும். அதற்கு மருந்து சோதனையைக் கைவிடுவது அல்ல, சோதனைச் செலவைச் சர்க்கார் ஏற்பது. கோவையில் சிட்டார்க் என்ற சோதனைக்கூடம் பம்பு மோட்டார்களைச் சோதித்துத் தருகிறது. அத்தகைய கூடங்கள் தொழில் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் சர்க்கார் பணத்தில் எழ வேண்டும். சிறு பட்டறைக்குக் கட்டணம் பேருக்கு இருந்தால் போதும். பெரிய கம்பெனிக்கோ எந்தச் சலுகையும் வேண்டாம். 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில், இணையத்தில் வியாபாரம் செய்யும் பெருங்கம்பெனியின் கிடங்கில் அமைவனம் சோதனை போட்டபோது முத்திரையில்லாத சரக்குகள் ஆயிரக்கணக்கில் சிக்கின. சீலிங் ஃபேன்களும் அவற்றில் இருந்தன. முத்திரை கட்டாயமான பொருளை முத்திரையின்றி விற்றால் முதல் தடவைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. இதில் 'அல்லது' என்ற வார்த்தை இருக்கிறதே, அதுதான் பெருங்கம்பெனிகளின் உயிர்நாடி. இரண்டு லட்சம் அவர்களுக்கு ஒரு நாள் டீச் செலவு.

அதே 2016 சட்டம், தரமில்லாத சரக்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தையும் அமைவனத்துக்குக் கொடுத்திருக்கிறது. பீட்டர்பரோவில் எடுக்காமல் விட்ட ஆயுதம் நம் ஊர்ச் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை உறையிலிருந்து உருவச் செய்வது ஜனங்களின் நெருக்குதல்தான்.

கடையில் வாங்கும்போது முத்திரையின் வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. உண்மையான ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். எண் இல்லாத முத்திரை போலி. செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தச் சாமானுக்குக் கொடுத்த லைசென்ஸ், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். புகாரும் அதிலேயே எழுதலாம். கூலிக்காரர்கள் வாங்குவது பெரும்பாலும் பில் இல்லாத சந்தைச் சாமான். கடையில் பில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஷாக் அடித்த சாமானைக் காயலான் கடையில் போடாமல் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சங்கங்கள் அவற்றைச் சேர்த்து, எண்ணோடும் கடைப் பெயரோடும் அமைவனத்தின் சென்னை, கோவை அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டும். மே 1 அன்று கிராம சபை கூடும்போது விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். மின்சாரச் சாமான்களில் சுயசான்று கூடாது, மாவட்டந்தோறும் சர்க்கார் சோதனைக்கூடம் வேண்டும், ஊரில் மின்சாரத்தால் நேரும் ஒவ்வொரு சாவிலும் சாமானைக் கைப்பற்றிச் சோதித்து அறிக்கையைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.